எட்டுப்பட்டை மீனைத் தொட்டியில் விடாதீங்க!



நம் பள்ளி வராந்தாவில், தலைமையாசிரியர் அறைக்கு எதிரே, கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறார்கள் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆண்டு விழாவுக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தருகிற அன்பளிப்பு. நான்கடி நீளம். லைட் உண்டு, உப்புத்தண்ணி சுற்றிவர மோட்டார் உண்டு. செய்தியைக் கேட்டதும் துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைக்க விரும்பவில்லை.

போன வாரம் அறிவியல் மன்றத்தில் என்னென்ன மீன் விடலாம் என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். மூன்றாவதாக வந்த பெயர்: ‘பட்டர்ஃபிளை மீன், கறுப்புக்கோடு போட்டது, ஒரு ஜோடி.’ எனக்குத் திக்கென்றது. எழுந்து “வேண்டாம் சார்” என்றேன். ஏன் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்தா நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும்! “அது செத்துப் போயிரும் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. சார் மட்டும் சிரிக்கவில்லை. “காரணத்தைச் சுவரிதழ்ல எழுதும்மா, எல்லாரும் படிக்கட்டும். வெள்ளிக்கிழமை பேசி முடிவு பண்ணுவோம்” என்றார்.

ஆகவேதான் இந்த இதழில் கவிதை மூலையையும் விடுகதை மூலையையும் நானே பிடித்துக்கொண்டேன். கவிஞர்கள் மன்னிக்கவும். இடம் போதாமல் கடைசியில் எழுத்து பொடியாகிவிட்டது, அதற்கும் மன்னிக்கவும்.

மேலே ஒட்டியிருக்கும் படம் என் தங்கை வரைந்தது. எண்ணிப் பார்க்கிற ஆட்கள் நம் பள்ளியில் நிறைய என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒன்பது கோடு இருக்கிறது. ஸ்கெட்ச் பேனா, அழிக்க முடியவில்லை. உண்மையான மீனுக்கு எட்டுதான்.

சரி, ஆளை அறிமுகப்படுத்துகிறேன். வண்ணத்துப்பூச்சி மீன் என்பது ஒரே மீன் அல்ல, ஒரு பெரிய குடும்பம். ஏறக்குறைய 130 இனங்கள் இருக்கின்றன. எல்லாமே தட்டையான உடம்புக்காரர்கள். பக்கவாட்டில் பார்த்தால் வட்டத் தட்டு மாதிரி, நேராக நம்மைப் பார்த்து வந்தால் வெறும் கோடு மாதிரி. பட்டியலில் இருக்கிற கறுப்புக்கோட்டுக்காரர் இந்தக் குடும்பத்தில் ஒருவர்: எட்டுப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன். வெள்ளையிலிருந்து மஞ்சள் வரை நிறம், மேலிருந்து கீழாக எட்டுக் கறுப்புப் பட்டை. ஒரு பட்டை சரியாகக் கண்ணின் மேலேயே ஓடுவதால் கண் எங்கே என்று சட்டெனத் தெரியாது. வளர்ந்தால் அதிகபட்சம் 12 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட வராது. இந்தியா, இலங்கைப் பக்கத்துப் பவளத்திட்டுகளில் தொடங்கி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சாலமன் தீவுகள் வரை வாழ்கிறது. குஞ்சுகள் கிளைகிளையான பவளத்துக்குள் கூட்டமாக ஒளிந்திருக்கும். வளர்ந்தபின் பெரும்பாலும் ஜோடியாகவே சுற்றும். அதனால்தான் பட்டியலிலும் ‘ஒரு ஜோடி’ என்று எழுதினார்கள் போல!

விஞ்ஞானப் பெயர் கீட்டோடான் ஆக்டோஃபேசியேட்டஸ். பயப்படாதீங்க. இரண்டாவது பெயருக்கு ‘எட்டுப் பட்டை உடையது’ என்று பொருள். கீட்டோடான் என்றால் கிரேக்க மொழியில் மயிர்ப்பல், அதாவது பிரஷ் மாதிரியான பல். இந்தப் பல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. பெயர் வைத்தவர் மார்க்கஸ் எலியேசர் புளோக், ஆண்டு 1787. பெர்லினில் வைத்தியம் பார்த்துக்கொண்டே மீன் ஆராய்ச்சியும் செய்தவர். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் அவருக்கு நம் கடல் மீன்களை அனுப்பியிருக்கிறார். அந்த நன்றிக்காக, நாம் கத்தாழை என்று குழம்பு வைக்கிற மீன் வகையில் ஒன்றுக்கு ஜானியஸ் என்று பெயர் வைத்தார் புளோக். குழம்புச் சட்டிக்குள்ளே ஒரு பாதிரியார் பெயர்! (இது கட்டுரைக்குத் தேவையில்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.)

இப்போது அந்தப் பல்லுக்கு வருவோம். அந்தப் பல் எதற்கு என்று தெரிந்தால் நான் ஏன் எழுந்து நின்றேன் என்பதும் தெரியும்.

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல, உயிருள்ள பிராணி என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். கல் மாதிரித் தெரிவது அது கட்டிக்கொண்ட வீடு. வீட்டின் ஒவ்வொரு குழியிலும் பூ மாதிரி விரல் விரித்துக்கொண்டு ஒரு சின்ன உயிர் உட்கார்ந்திருக்கும், அதுதான் பாலிப். எட்டுப்பட்டை மீன் தின்பது அந்தப் பாலிப்பைத்தான். குச்சி முனை மாதிரி நீண்ட வாய், பிரஷ் மாதிரிப் பல், ஒரு கொத்து. நகர்ந்து இன்னொரு கொத்து. ஒரே இடத்தில் மேய்ந்து தீர்க்காது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலை. பவளமும் சாகாது, கொத்துப்பட்ட இடம் திரும்ப வளர்ந்துவிடும்.

குடும்பத்தில் எல்லோரும் இப்படி இல்லை. புழு, இறால் குஞ்சு, பாசி என்று கிடைத்ததைத் தின்கிற வண்ணத்துப்பூச்சி மீன்களும் உண்டு. நீண்ட வெள்ளைக் கொடி மாதிரி முதுகுத் துடுப்பு உள்ள ஒரு சொந்தக்காரர் மிதக்கிற சிற்றுயிர்களைத் தின்கிறார். அவர்களெல்லாம் தொட்டியில் ஓரளவு பிழைத்துக்கொள்வார்கள். இதை நான் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை யாராவது எழுந்து “எங்க மாமா வீட்டுல ரெண்டு வருஷமா இருக்கே” என்பீர்கள். இருக்கும், நம்புகிறேன். அது வேறு மீன். நம் பட்டியலில் உள்ளது பவளத்தைத் தவிர வேறெதையும் உணவாக அறியாத மீன்.

எனக்கு இது எப்படித் தெரியும்? புத்தகத்தில் படித்தது பாதி. மீதியைக் கண்ணால் பார்த்தேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது. எங்கள் சித்தப்பா கூடு போடுகிறவர். கடலடியில் கூட்டை இறக்கி வைத்து இரண்டொரு நாள் கழித்துத் தூக்குவார். ஓரா, விளைமீன், கிளிமீன், களவா என்று வரும். ஒருநாள் அவற்றோடு இதுவும் வந்துவிட்டது, ஒன்றே ஒன்று. அதன் ஜோடி கடலிலேயே நின்றுவிட்டது போல. இதை யார் வாங்குவார்? குழம்புக்கும் ஆகாது. சித்தப்பா திருப்பிப் போடத்தான் பார்த்தார். நான்தான் “ஐயோ சித்தப்பா, அழகா இருக்கு, குடுங்க” என்று கேட்டு வாங்கினேன். ஆம், தப்பு செய்தது நான். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வீட்டுப் பக்கெட்டில் ஒரு ராத்திரிதான் இருந்தது. மறுநாள் டவுனில் கலர்மீன் விற்கும் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவரிடம் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் ரொம்பப் பாடுபட்டார். காய்ந்த தீனி போட்டார், தொடவில்லை. இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டார், கிட்டே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டது. உயிருள்ள ஆர்ட்டீமியா வாங்கிவந்து விட்டார், மற்ற மீன்கள் அடித்துப்பிடித்துத் தின்றன, இது மூலையில் நின்றது. டியூஷனுக்குப் போகிற வழி என்பதால் தினமும் எட்டிப் பார்ப்பேன்.

தொட்டிக்குள் அழகுக்காக சிமெண்டில் செய்து ரோஸ் பெயிண்ட் அடித்த பவளம் ஒன்று வைத்திருந்தார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அந்த மீன் அதன் அருகில் போனது. ஒரு கொத்து கொத்தியது. துப்பியது. நகர்ந்தது. இன்னொரு இடத்தில் கொத்தியது. துப்பியது. நான் போகும்போதெல்லாம் அதே வேலை. கடலில் செய்த அதே வேலையைத்தான் அது செய்துகொண்டிருந்தது. சாப்பாடுதான் இல்லை.

பசியில் மீன் எப்படி இளைக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? நமக்குக் கன்னம் ஒட்டும். அதற்கு முதுகு ஒட்டியது. தட்டு மாதிரி இருந்தது கத்தி மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் மங்கியது. பதினேழாம் நாள் நான் போனபோது தொட்டியில் இல்லை. கடைக்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னபோது “அதுக்குத்தான் திருப்பிப் போடப் பாத்தேன்” என்றார். திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது.

இனி, மன்றம் முடிந்து வெளியே வந்தபோது நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்.

“பவளத்தையே உடைச்சுக் கொண்டுவந்து தொட்டியில போட்டா?” கேட்டவர் யாரென்று எழுதவில்லை, அவருக்கே தெரியும். தம்பி, 2001-லிருந்து கல்பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. உடைத்தால் கேஸ். அதுவும் போக, வெட்டி எடுத்ததெல்லாம் போதாதா? நம் தெருக்களில் பழைய வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தைப் பாருங்கள், கல்லில் பூப்பூவாக அச்சு தெரியும். அது பவளக்கல்தான். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் எத்தனையோ வருஷம் அள்ளியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. தீவைச் சுற்றி அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளத்தைத் தோண்டியதும் அதற்கு ஒரு காரணம்.

“நீ மீன் சாப்பிடலையா?” சாப்பிடுகிறேன். நேற்றுகூட ஓரா மீன் குழம்புதான், முள்ளைக்கூட விடவில்லை. சித்தப்பா கூடு போட்டுத்தான் எங்கள் வீட்டில் அரிசி. மீனைப் பிடிப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தின்பதற்குப் பிடிக்கிற மீன் கூடையிலேயே முடிந்துவிடுகிறது. இதை நாம் இருபது நாள் பட்டினி போட்டு, லைட் போட்டு, பக்கத்தில் பெயர்ப்பலகையும் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டப் போகிறோம். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் வெள்ளிக்கிழமை எழுந்து சொல்லுங்கள், கேட்கிறேன்.

“கடல்ல எப்படியும் அழியப்போகுது, தொட்டியிலயாவது காப்பாத்தலாமே?” இது நல்ல கேள்வி. கேட்டது ஒன்பதாம் வகுப்புத் தங்கை, சபாஷ்! பாதி உண்மையும் அதில் இருக்கிறது. பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. நிறம் கொடுப்பதும் பெரும்பங்கு சாப்பாடு கொடுப்பதும் அதுதான். கடல் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். 2016 கோடையில் நம் மன்னார் வளைகுடாவில் அதுதான் நடந்தது. பவளத்திட்டுப் பரப்பில் நூற்றுக்கு 38.9 பங்கு இருந்த உயிர்ப்பவளம் 22.7 பங்காகக் குறைந்தது. அதிகம் செத்தவற்றில் கிளைவிடும் பவளங்கள் முக்கியமானவை, எட்டுப்பட்டைக் குஞ்சுகள் ஒளிகிற அதே வகை. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நடக்கும் நான்காவது பெரும் வெளுப்பு இது என்று அறிவித்தார்கள்.

இந்த மீனுக்குச் சாப்பாடும் வீடும் ஒன்றே. பவளம் குறைந்தால் இதுவும் குறையும். இதைக் கவனித்துத்தான் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ரீஸ் என்ற ஆராய்ச்சியாளர், பவளம் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களை எண்ணிக்கொண்டே வந்தால் பவளத்திட்டின் ஆரோக்கியத்தை அறியலாம் என்று 1980-களின் தொடக்கத்திலேயே எழுதினார். அப்படிப்பட்ட மீனைத் தொட்டியில் காப்பாற்றுவது எப்படி? முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுவிடும், குஞ்சு வாரக்கணக்கில் நடுக்கடலில் அலையும், அதன்பிறகுதான் பவளத்துக்கு வந்து சேரும். அதனால் கடைக்கு வருகிற இந்த வகை மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவைதான். தொட்டியில் ஒன்று செத்தால் கடலிலிருந்து இன்னொன்று வரும். அதுவும் சாகும், இன்னொன்று வரும். நாம் காப்பாற்றுவது தொட்டியின் அழகைத்தான் தங்கச்சி, மீனை இல்லை.

“தீனி பழக்கிட்டா தின்னும்” என்று ஒரு அண்ணன் சொன்னார். அபூர்வமாக ஒன்றிரண்டு பழகலாம் என்பதை மறுக்கவில்லை. அந்த ஒன்றிரண்டு கிடைக்க எத்தனையைச் சாகவிடத் தயார் என்று அண்ணனே சொல்லட்டும்.

அப்போ தொட்டியே வேண்டாமா? அப்படி நான் சொல்லவே இல்லை! கோமாளி மீன் விடுவோம். ‘நெமோ’ என்றால் ஆறாம் வகுப்புக்கும் தெரியும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன், போட்ட தீனியைத் தின்னும், கடலிலிருந்து யாரையும் பிரித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. கேட்டு வாங்கும்போது “குஞ்சு பொரிப்பகத்து மீனா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். பெயர்ப்பலகையில் அதையும் எழுதலாம்.

எட்டுப்பட்டைக்காரரைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் வரைவோம். ஓவிய ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், பெயிண்ட் மட்டும் வேண்டும் என்றார். அசல் அளவு, 12 சென்டிமீட்டர். ஒன்றிரண்டு இல்லை, வகுப்புக்கு ஒரு ஜோடி வரையலாம். கிளைப்பவளமும் வரைய வேண்டும், அதில்லாமல் இந்த மீனை வரைந்தால் பசியோடு வரைந்த மாதிரி ஆகிவிடும். தங்கை தானும் வருவதாகச் சொல்கிறாள். இந்தத் தடவை பட்டையை எண்ணிவிட்டுத்தான் மையைத் தொடுவாள் என்று நான் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றம் கூடுகிறது. அதற்குள் உங்கள் கருத்தை இதன் கீழே விட்டிருக்கும் வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எதிர்த்தும் எழுதலாம், வகுப்பை மட்டும் போடுங்கள். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதீங்க. போன இதழிலேயே இரண்டு பேனா காணோம்.

– பதினொன்றாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு